ஏரி காத்த நாங்கள்

மதுராந்தகத்தில் ராமரே வந்து ஏரிக்கரையைக் காத்தார் என்பது ஐதீகம். வெள்ளைக்காரக் கலெக்டர் லியோனல் பிளேஸ், கொட்டும் மழையில் கரை நிற்குமா என்று பார்க்கப் போனபோது வில்லும் கையுமாக இருவர் காவல் நின்றதைக் கண்டாராம். எங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கு அந்த அளவு செல்வாக்குக் கிடையாது. அதைக் காக்க நாங்கள்தான் வாய்த்தோம். ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் சிலர், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், அவருடைய கம்பவுண்டர்.

நான் சிறுவனாக இருந்தபோது அந்த ஏரியை யாரும் காக்கவில்லை. காக்க வேண்டும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. அதை அழகு என்று சொன்னவரையும் நான் பார்த்ததில்லை. கோடையில் வற்றியதும் மாட்டுவண்டிகள் உள்ளே இறங்கும். அடியில் படிந்த வண்டலை வெட்டி அவரவர் வயலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். உரத்துக்குக் காசு மிச்சம் என்பதுதான் கணக்கு. அந்தச் சாக்கில் ஏரியும் ஆழமாகிவிடும். மழைக்கு முன்னால் கரையில் நண்டு வளை, எலி வளை பார்த்து அடைப்பார்கள். கரை உடைந்தால் முதலில் முழுகுவது அவரவர் நாற்று. நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மடை திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. மாதச் சம்பளமெல்லாம் கிடையாது, அறுவடையின்போது களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ராத்திரியில் வாய்க்காலை வெட்டித் தன் பக்கம் திருப்புகிறவர்களும் உண்டு. மறுநாள் காலை வரப்பில் நடக்கும் பேச்சுவார்த்தையில் மண்வெட்டியும் கலந்துகொள்ளும்.

மொத்தத்தில் சுயநலக்காரர்கள். சுற்றுச்சூழல் உணர்வு மருந்துக்கும் இல்லாத ஊர். ஏரி மட்டும் எப்படியோ நன்றாக இருந்தது.

அப்பா இங்கே மனை வாங்கியது 1960களில். "ஏரித் தண்ணி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது சாமி" என்று தரகர் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். ஏரிக்குப் பக்கத்து மனை என்றால் அப்போது விலை குறைவு. இன்று அதே தெருவில் 'லேக் வியூ' என்று பால்கனிக்குத் தனி விலை வைக்கிறார்கள். வீட்டுக்கு உறைக்கிணறு இறக்கினோம். 15 அடியில் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் கயிறே வேண்டாம், குனிந்து சொம்பால் மொள்ளலாம். தண்ணீர் கலங்கியிருந்தால் அம்மா பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் மொத்தச் செலவு அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது எல்லா ஊரிலும் நடந்தது. வயல்கள் நகர்களாயின. நீர்க்கட்டிக்கு வேலை போயிற்று. மதகுக்கு வேலை போனது மதகுக்கே தெரியாமல், அது ஒரு தெருமுனையைப் பார்த்துக்கொண்டு பல வருஷம் நின்றது. 80 ஏக்கருக்கு மேலிருந்த ஏரி சுருங்கிச் சுருங்கி 50 ஏக்கருக்குள் வந்துவிட்டது. மீதி ஏக்கர்களில் நல்ல காற்றோட்டமான வீடுகள். உறைக்கிணற்றை மூடி போர் போட்டோம். போர் ஆழம் போகப் போகத் தண்ணீர் உப்புக் கரித்தது. 20 லிட்டர் கேன் வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்ததும் தெருவே குழாய் போட்டுக்கொண்டது. மொட்டைமாடியிலிருந்து கம்பீரமாக இறங்கி மண்ணுக்குள் மறையும் குழாய். மண்ணுக்கு அடியில் அதற்கு ஒரு குழி இருக்கிறதா என்று யாரும் குடைந்து கேட்கவில்லை.

2015 டிசம்பரில் ஏரி எங்களைப் பார்க்க நேரில் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர வேண்டும். போகும் வழியில் நாங்கள் இருந்ததால் எங்கள் வீட்டுக் கூடங்களில் கொஞ்சம் தங்கிப் போயிற்று. 2019இல் நேர் எதிர். பூண்டியும் செம்பரம்பாக்கமும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள்.

அந்தக் கோடையில்தான் ஏரிமேல் எங்களுக்குக் காதல் பிறந்தது.

கிண்டல் செய்வது சுலபம், ஆனால் அந்த ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் நிஜமாகவே வேலை செய்தார்கள். காலை ஆறு மணிக்கே கடப்பாரையோடு வந்து சீமைக் கருவேலத்தின் முள்ளோடு மல்லுக்கட்டினார்கள். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழைய அளவை வரைபடங்களை வாங்கினார்கள். அந்த வருஷமே சட்டமன்றத்தில் எங்கள் ஏரிக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தார்கள் என்றால் அதில் அவர்களுடைய வியர்வைக்கும் பங்கு உண்டு. என் தலைமுறையின் பங்களிப்பு வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பியது.

தொண்டுக்கு ஒரு ஒழுங்கும் வந்தது. டி-ஷர்ட், கையுறை, இட்லிக்கு ஸ்பான்சர். ஏரியிலிருந்து எடுத்தவற்றில் பிள்ளையாரின் வைக்கோல் உடம்பு உண்டு. குழந்தைகளின் டயப்பர் உண்டு. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பழைய ஆண்டு விழா ஃப்ளெக்ஸும் உண்டு. எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, பின்னால் நின்று, ட்ரோனைப் பார்த்துக் கையசைத்தோம்.

சங்கத்துக்குப் புது நிர்வாகிகள் வேண்டுமென்ற பேச்சு வந்தபோது நான் உத்திரமேரூரை நினைவூட்டினேன். அதிக தூரமில்லை, பழைய செங்கல்பட்டு ஜில்லாதான். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதி இருக்கிறது. குடவோலையில் 6 பேர். பதவி 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது, அவருடைய உறவினர்களும் கூடாது. வயது விதியில் நான் அடிபட்டுப் போனேன். கணக்கு விதியைப் படித்ததும் பொருளாளர் தண்ணீர் கேட்டார். கேனிலிருந்து பிடித்துக் கொடுத்தோம்.

ஒரு ஞாயிறு, கல்லூரி மாணவன் ஒருவன் டி.டி.எஸ். பார்க்கும் பேனாவைக் கொண்டுவந்தான். ஏரித் தண்ணீரில் நனைத்தான், பிறகு எங்கள் வீட்டு போர் தண்ணீரில் நனைத்தான். நல்ல மழை முடிந்த சமயம். ஏரியில் எண் குறைவு, போரில் அதிகம். கைதட்டல் கரை தாண்டிக் கேட்டது. "அப்போ இதைக் குடிக்கலாமா அங்கிள்?" என்று ஒரு சிறுமி டாக்டரைக் கேட்டாள். அவர் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தப் பேனா உப்பைத்தான் எண்ணும். சாக்கடையோடு வரும் கிருமியை அதற்கு அடையாளம் தெரியாது.

சாக்கடை எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தோம். நீர்ப்பிடிப்புப் பகுதியில் வீடு கட்டியவர்கள்தான் முதல் குற்றவாளிகள் என்று அவர் முழங்க, எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம். அப்புறம் திரையில் வரைபடம் போட்டார். நீலமாகத் தெரிவதெல்லாம் ஏரிக்குத் தண்ணீர் இறங்கும் இடம் என்றார். என் வீடு நீலத்தில் இருந்தது. டாக்டரின் கிளினிக், பொருளாளர் கட்டிய இரண்டு அடுக்கு, கூட்டம் நடந்துகொண்டிருந்த கல்யாண மண்டபம் எல்லாமே நீலம்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பாதாளச் சாக்கடை இல்லாமலே வருஷக்கணக்காக வளர்ந்த பகுதி இது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி கூப்பிட வேண்டும், லாரிக்குக் காசு. மழைநீர் வடிகாலுக்குள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குழாயைச் சொருகிவிட்டால் காசு இல்லை. வடிகால் போய்ச் சேரும் இடம் ஏரி. ஏரி ஊறிச் சேரும் இடம் கிணறும் போரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஏரியிலிருந்து எடுத்தோம்; மற்ற நேரமெல்லாம் ஏரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தெருத் தெருவாகப் போய் அந்தக் குழாய்களைக் கண்டுபிடித்து அடைக்கலாம் என்று இளைஞர் ஒருவர் யோசனை சொன்னார். நீண்ட விவாதத்துக்குப் பின், பள்ளிக் குழந்தைகளுக்கு 'ஏரியைக் காப்போம்' என்ற தலைப்பில் ஓவியப் போட்டி வைப்பதென்று முடிவாயிற்று.

பழைய நீர்க்கட்டியின் பேரனை நான் மாதம் இரண்டு முறையாவது பார்க்கிறேன். டேங்கர் லாரி ஓட்டுகிறான். தாத்தா மடை திறந்தார், இவன் வால்வு திறக்கிறான். யார் வீட்டுச் சம்புக்கு முதலில் என்று தெருவில் அதே பழைய பேச்சுவார்த்தைதான்; மண்வெட்டிதான் இல்லை. இவனுக்கு நெல் அளக்க முடியாது, ஜி-பேதான்.

போன வாரம் ஹோஸைச் சம்புக்குள் விட்டுவிட்டு நின்றிருந்தவனிடம், "ஞாயித்துக்கிழமை நீயும் ஏரிக்கு வாயேம்ப்பா, உங்க தாத்தா பார்த்த ஏரிதானே" என்றேன்.

"ஞாயித்துக்கெழமதான் சார் லோடு ஜாஸ்தி. எல்லாரும் வீட்ல இருக்காங்க இல்ல."

"தண்ணி எங்கேர்ந்து எடுக்கறே?"

"கரைக்குப் பின்னாடி நம்ம கெணறுதான் சார். முன்ன நாலு லோடு அடிச்சா காத்து வாங்கும். நீங்கள்லாம் ஏரிய கிளீன் பண்ணதுலேர்ந்து சும்மா ஊறிக்கினே இருக்குது. வுட்றாதீங்க சார், தொடர்ந்து பண்ணுங்க."

ரேட் மட்டும் போன மாதத்தைவிட நூறு ரூபாய் கூட.