காம் போர்ட்காரர்

கோயம்புத்தூரிலிருந்து எந்தச் சாலையில் கிளம்பினாலும் ஊரைத் தாண்டியதும் ஓர் எடைமேடை வரும். அதை ஒட்டி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால், வந்திருப்பவர் அவர்தான். விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம்ஸ் அண்ட் சர்வீஸ்' என்று போட்டிருப்பார். எடைமேடைக்காரர், லேத் பட்டறைக்காரர், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர் எல்லோருடைய போனிலும் அவர் பெயர் 'காம் போர்ட்காரர்' என்றுதான் பதிவாகியிருக்கும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்லி இவரைக் கூப்பிடாதீர்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிவிடும். கம்ப்யூட்டரின் முதுகில் காம் போர்ட் எனப்படும் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்ப்பார். இருந்தால் அது நல்ல கம்ப்யூட்டர். இல்லாவிட்டால், "இது வெறும் டிவிங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்.

அவருடைய பற்றுக்குக் காரணம் இருக்கிறது. ஆர்எஸ்-232 என்கிற சீரியல் தொடர்பு முறை 1960-ல் வந்தது. ஐபிஎம் தன்னுடைய ஏடி கம்ப்யூட்டரில் அதை ஒன்பது பின்னில் அடக்கியது 1984-ல். யுஎஸ்பி பிறந்தது 1996-ல்தான். இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மனைவியின் பிறந்தநாளைத்தான் போனில் குறித்து வைத்திருக்கிறார்.

"யுஎஸ்பி நேத்து வந்ததுங்க. ஒயரைச் சொருகினதும் நீ யாரு, எந்த ஊரு, உங்கப்பன் பேரென்னன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி விசாரிச்சுட்டுத்தான் உள்ளயே விடும். சீரியல்ல அந்த வம்பே இல்லீங்க. பேசறதுக்கு ஒரு ஒயரு, கேக்கறதுக்கு ஒரு ஒயரு, கிரவுண்டுக்கு ஒண்ணு. மூணே ஒயர்ல காலத்த ஓட்டிரலாம்."

அவருடைய தோள்பையைத் திறந்து பார்க்க ஒரு கொடுப்பினை வேண்டும். ரப்பர் பேண்டு போட்ட அடாப்டர்கள். ஆண் முனையைப் பெண் முனையாக்கும் ஜெண்டர் சேஞ்சர். இரண்டையும் மூன்றையும் மாற்றிக் கட்டிய கிராஸ் கேபிள். மார்க்கர் பேனாவால் 'எக்ஸ்பி – நல்லது' என்று எழுதிய ஒரு சிடி. அதனடியில் 'எக்ஸ்பி – ரொம்ப நல்லது' என்று இன்னொன்று. ஓர் ஓரத்தில் விபூதிப் பொட்டலம். அது டிரைவர் இன்ஸ்டால் ஆகாதபோது எடுப்பதற்கு.

கோடை மழையில் இடி இறங்கி மதர்போர்டின் சீரியல் போர்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையின் எடைகாட்டி நன்றாகத்தான் ஓடும். சிவப்பு எண்கள் பளிச்சென்று தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் ஒன்றும் வந்து சேராது. எடைகாட்டியைத் திறந்து நோண்டவும் முடியாது. அதில் முத்திரை ஆய்வாளரின் சீல் இருக்கிறது. ஆகவே விண்டோஸ் 7 ஓடுகிற அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பி வழியாக ஒரு புது வாசல் வைத்தாக வேண்டும். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காம் போர்ட்காரர் வருவார். வந்ததும் டீ கேட்பார்.

அடாப்டரைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி முளைக்கும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவருக்கோ அது பழைய சிநேகிதன். "கோடு டென்னுங்க. டூப்ளிகேட் சிப்பு" என்பார் பெருமிதத்தோடு, விற்றவரே அவர்தான் என்பதை மறந்து. தைவானின் புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்-2303 சிப்புக்குச் சந்தையில் போலிகள் மலிந்துவிட்டன. அந்த நிறுவனத்தின் புது டிரைவர், போலியைக் கண்டால் வேலை செய்ய மறுக்கும். பழைய டிரைவருக்கு அந்த விவரம் போதாது, யாரையும் நம்பும். அவருடைய பென் டிரைவில் அந்தப் பழைய டிரைவர்தான் இருக்கும்.

அது ஏறுகிற நேரத்தில், டீயை உறிஞ்சிக்கொண்டே லாரிக்காரர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்வார். ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனம் 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. அது தன் பெயரில் உலவிய போலிச் சிப்புகளைத் தேடிப்பிடித்து அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. அதற்குப் பிறகு விண்டோஸ் அந்தச் சிப்புகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலகம் பூராவும் கூச்சல் எழ, நிறுவனம் டிரைவரைத் திரும்பப் பெற்றது. "அன்னைக்கு எத்தன மிஷினு ஊமையாப் போச்சுங்க!" என்று அவர் முடிக்கும்போது, நாமக்கல் லாரிக்காரர்கூட உச்சுக்கொட்டுவார்.

அடுத்தது நம்பர் சண்டை. எடைமேடை மென்பொருளை எழுதியவர் காம் 1 முதல் காம் 4 வரைக்கும்தான் உலகம் என்று நினைத்தவர். விண்டோஸோ புது அடாப்டருக்குக் காம் 7 என்று பட்டம் கட்டும். ஒன்றாம் நம்பரைக் கேட்டால், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பதில் வரும். இடியில் செத்த போர்ட்தான் இன்னும் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் பயாஸில் நுழைந்து அதற்குக் கடைசிக் காரியம் செய்துவிட்டு, புதியதற்கு முறைப்படி காம் 1 என்று பெயர் சூட்டுவார்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்து, அடாப்டரின் ஐந்தாம் பின்னில் கறுப்பையும் மூன்றாம் பின்னில் சிவப்பையும் வைப்பார். மைனஸ் ஆறு வோல்ட் என்று காட்டினால் முகம் மலரும். சும்மா இருக்கும்போது மைனஸில் இருப்பதுதான் இந்தப் போர்ட்டின் ஆரோக்கியம். மைனஸைக் கண்டு மகிழ்கிற ஒரே மனிதரை அப்போது பார்க்கலாம்.

அவருடைய உச்சக்கட்டம் பேப்பர் கிளிப். அதை நிமிர்த்தி வளைத்து, இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் இணைப்பார். அனுப்புவது அப்படியே தனக்குத் திரும்பி வரும். அதைத் திரையில் பார்க்க உதவும் ஹைப்பர்டெர்மினல் விண்டோஸ் 7-ல் கிடையாது. எக்ஸ்பியோடு அது நின்றுபோனது. அதனால் என்ன? எக்ஸ்பி சிடியிலிருந்து அதன் இரண்டு கோப்புகளை எடுத்துவந்து இங்கே ஓட்டுவார். கீபோர்டில் 'ஏ பி சி' என்று அடிப்பார். திரையிலும் 'ஏ பி சி' என்று வரும். கிளிப்பை எடுத்துவிட்டு அடிப்பார், வராது. மறுபடி வைப்பார், வரும். அவருக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

எடைகாட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் வேகமும், பிழை பார்க்கும் பேரிட்டியும் பொருந்தாவிட்டால் எடைக்குப் பதில் கிறுக்கல் வரும். பன்னிரண்டு டன் மணல் ஏற்றிய லாரிக்குத் திரையில் நாலு பெட்டி, ஒரு இதயம், ஒரு கேள்விக்குறி. அவர் 9600-ஐ 2400 ஆக்குவார், எட்டு பிட்டை ஏழாக்குவார், ஈவன் பேரிட்டி வைப்பார். மணல் மணலாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய அமானுஷ்யம் மறுநாள் காலையில்தான் நடக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் மவுஸ் அம்பு தானாக ஓடும். தானே கோப்புகளைத் திறக்கும், மூடும். பூசணிக்காய் உடைத்து, மானிட்டரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய பிறகே முதலாளிக்கு இவர் ஞாபகம் வரும். உண்மை என்னவென்றால், எடைகாட்டி நொடிக்குப் பலமுறை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் எழும்போது அந்த ஓட்டத்தைப் பார்த்து, பழைய காலத்துச் சீரியல் மவுஸ் ஒன்று வந்திருப்பதாக முடிவுகட்டிவிடுகிறது. லாரி ஏறினால் அம்பு துள்ளும். டிவைஸ் மேனேஜரில் 'சீரியல் பால்பாயிண்ட்' என்ற அந்த இல்லாத மவுஸை டிசேபிள் செய்தால் பேய் இறங்கிவிடும். எலுமிச்சையை மட்டும் அவர் அவிழ்ப்பதில்லை. "அதும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுங்க."

அவருக்கு எதிரிகள் இருவர். ஒருவர் கூட்டிப் பெருக்க வரும் அம்மா. அவர் அடாப்டரைப் பிடுங்கித் துடைத்துப் பக்கத்து ஓட்டையில் செருகினால் போதும், விண்டோஸ் புது நம்பர் கொடுத்துவிடும். அதனால் இவர் ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்டி 'கழட்டாதே' என்று எழுதியிருப்பார். இன்னொருவர், பொறியியல் முடித்து வந்திருக்கும் முதலாளியின் மருமகன்.

"எதுக்கு மாமா இந்த ஓட்ட ஒடசல்? எல்லாத்தையும் கிளவுட்ல போட்ரலாம்."

"போட்ரலாம் கண்ணு. மேடைய மட்டும் கீழயே உடு. லாரி ஏறோணுமல்ல?"

கடைசியில் கூலிப் பேச்சு. "ஏந்தம்பி, ஒரு ஒயரச் சொருகினதுக்கு ஐநூறு ரூவாயா?" என்பார் முதலாளி. இவர் வாதாடுவதில்லை. "சரிங்க மொதலாளி" என்று மேசைக்கு அடியில் மறுபடி தலையை விடுவார். வெளியே ஏழு லாரிகளின் ஹாரன் ஒன்றாக அடிக்கும். கல்லாப்பெட்டி திறந்துவிடும்.

இவ்வளவு கெட்டிக்காரரிடம் ஒரே ஒரு குறை. எதையும் எழுதி வைக்கமாட்டார். வேகம், பேரிட்டி, டிரைவர் பதிப்பு, பயாஸ் பாஸ்வேர்டு எல்லாம் மனப்பாடம். "அதெல்லாம் எதுக்குங்க, நானிருக்கேன்" என்பார். பல லட்ச ரூபாய் மேடையும் அதை நம்பிய வியாபாரமும் சில நூறு ரூபாய் அடாப்டரில் தொங்குவதாக நாம் நினைக்கிறோம். அடாப்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அவர் ஊருக்குப் போனால்தான் கடை சாத்த வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டறையிலோ மேடையிலோ அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், அடுத்த தடவை அவர் வரும்போது டீயோடு ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, சிபியுவின் மேல் ஒட்டிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்; இரண்டாவது டீ வந்தால் சரியாகிவிடுவார். கேட்ட காசைக் கொடுத்துவிடுங்கள், அது நியாயமான காசுதான்.