46 நாள்

நல்ல புராஜெக்ட் மேனேஜருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று வேலை விளம்பரங்களைப் பார்த்தால், மகான்களுக்கே இன்டர்வியூ கிடைப்பது கஷ்டம். பொறுமை, தொலைநோக்கு, பேச்சுத்திறன், கூடவே எக்செல். நடைமுறையில் ஒன்று இருந்தால் போதும்: சிவப்பில் கிடக்கிற வேலையைத் திங்கட்கிழமை மீட்டிங்கில் முகம் மாறாமல் மஞ்சளாகக் காட்டத் தெரிய வேண்டும். "90 சதவீதம் முடிஞ்சிருச்சு சார்." போன மாதமும் அதே 90தான்.

நிஜமாகவே முடித்துக்காட்டிய கதையும் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் போயின. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்றாக்கினார். பொறுப்பேற்ற ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புது கர்டர் வரும்வரை காத்திருக்கவில்லை. கடலில் விழுந்ததையே மீட்டெடுத்து மறுபடி தூக்கி வைத்தார்கள். எங்கே கிடக்கிறது என்று துப்புக் கொடுத்தவர்கள் மீனவர்கள். மீனவரிடம் போய்க் கேட்பது எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் இராது. 'ஸ்டேக்ஹோல்டர்' என்று பெயர் சூட்டினால் ஒருவேளை சேர்ப்பார்கள்.

இன்றைக்கென்றால் அந்த 46 நாளில், முதல் மீட்டிங்குக்கு எல்லோருக்கும் ஒத்துவருகிற தேதி கிடைத்திருக்கும்.

அதே ஸ்ரீதரன் பின்னாளில் டெல்லி மெட்ரோவில், கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரங்களை மாட்டிவைத்தார். நம் ஆபீஸிலும் ஒன்று மாட்டலாம். இரண்டாம் வாரமே பேட்டரி தீர்ந்துவிடும். மாற்றுவதற்கு அப்ரூவல் போயிருக்கிறது என்பார்கள்.