ஞாயிற்றுக்கிழமை வாஃபிளார்

ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவராவது இவர் இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மென்பொருள் கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிற உத்தியோகம். திங்கள் முதல் சனி வரை வீட்டில் கடுகு டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாரென்றால், பதினோரு மணி வரை அங்கே வேறு யாருக்கும் அனுமதியில்லை. பாத்திரம் தேய்க்க மட்டும் உண்டு. அன்று அவர் செய்வது வீகன் வாஃபிள். எனவே மரியாதையாக அவரை வாஃபிளார் என்றே வைத்துக்கொள்வோம்.

வாஃபிளார் பிறந்ததிலிருந்து முட்டையை வாயில் வைத்தவரில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்தால் வாங்கிப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளிவிட்டு வந்த வம்சம். அப்பேர்ப்பட்டவர்தான் இன்றைக்கு முட்டைக்கு மாற்று என்ன என்பதில் எங்கள் குடியிருப்பின் ஒரே நிபுணர்.

"முட்டை என்ன வேலை பாக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும் சார்" என்று லிஃப்டில் பிடித்துக்கொள்வார். "ஒண்ணு, மாவைச் சேத்துப் பிடிக்குது. ரெண்டு, காத்தை உள்ள வெச்சு உப்ப வைக்குது." நான் இறங்க வேண்டியது நாலாவது மாடி. அங்கே கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மூன்றாவது, நான்காவது வேலைகளையும் விளக்கி முடிப்பார். கீழே யாரோ லிஃப்டுக்காகக் கத்துவது அவர் காதில் விழாது. தான் ருசியே அறியாத ஒரு பொருளின் இல்லாமையை இவ்வளவு சிரத்தையாக நிரப்புகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முறை சுத்தமானது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர்; கலந்து பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும். அது ஒரு முட்டைக்குச் சமம். உலகம் முழுக்க வீகன்கள் போடுகிற கணக்கு இதுதான். ஆனால் அவருடைய அம்மா ஊர்க்காரர். அங்கே ஆளிவிதையை அரைத்துச் சூடாக்கிக் கட்டிக்குப் பற்றுப் போடுவார்கள்.

"யாருக்குடா கட்டி?" என்று கவலையோடு எட்டிப் பார்த்தார் அம்மா.

"யாருக்கும் இல்லம்மா. இது முட்டை."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து சோயா பாலில் எலுமிச்சை பிழியும் கட்டம். "ஐயோ, பால் திரிஞ்சுபோச்சேடா!" "திரியணும்மா. திரியத்தான் பிழியறேன்." அந்தப் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்தால் வாயு கிளம்பும், வாயு கிளம்பினால் மாவு பூக்கும். எல்லாம் சரி, மோர் ஊற்றினால் புளிக்காதா என்று அம்மா கேட்டால், மோர் மாட்டினுடையது, கன்றுக்குப் போக வேண்டியது என்பார். அதைச் சொல்லும்போது குரல் உண்மையாகவே தழுதழுக்கும். அன்று மதியம் ஒரு மணிக்கு அதே மனிதர் தயிர்சாதத்தில் மாவடுவைக் கடித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "ஸ்டெப் பை ஸ்டெப் சார்." முதல் ஸ்டெப்பில் நின்று ரொம்ப நாளாகிறது என்பது அவர் மனைவியின் கருத்து.

மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் சில ஆலைகள் கரும்புச் சர்க்கரையை வெளுக்க மாட்டெலும்புக் கரியில் வடிகட்டுகின்றன. இதைப் படித்த அன்றே வாஃபிளார் கடைக்குப் போய், சர்க்கரைமூட்டை முன்னால் நின்று விசாரணை நடத்தினார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலும்பெல்லாம் கிடையாது சார். இங்க கந்தகப் புகைதான் விடுறாங்க, தைரியமா சாப்பிடுங்க" என்று ஆறுதல் சொன்னார். இலை முளைத்த பச்சை 'வி' முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் வாஃபிளார் எந்தப் பாக்கெட்டையும் வாங்குவதில்லை. வீகன் உணவுக்கென்று 2022-இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை போட்டதை ஊரில் முழுசாகப் படித்தவர் அவராகத்தான் இருப்பார். உப்புப் பாக்கெட்டிலும் அந்த முத்திரையைத் தேடுவதுதான் கொஞ்சம் அதிகம்.

வாஃபிள் சுடும் கருவி வந்த கதை தனி. நியூஜெர்சியிலிருந்து மச்சினன் தூக்கி வந்தது. அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. முதல் ஞாயிறு பிளக்கைச் சொருகியதும் வந்த வாசனையில் வாஃபிள் எதுவும் கலந்திருக்கவில்லை. மச்சினன் அடுத்த லீவில் இன்னொன்று கொண்டுவந்தான். இந்தத் தடவை வாஃபிளார் ரிச்சி தெருவுக்குப் போய் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது கருவியைவிடப் பல மடங்கு கனம். இங்கேயே 230 வோல்ட் கருவி கிடைக்குமே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார்.

நவராத்திரி வந்தால் வாஃபிளாருக்குத் தீபாவளி. 2014-இல் பிரான்சில் ஜோயல் ரோசெல் என்ற இசைக்கலைஞர், பயறு வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கருவாட்டம் நுரைக்கும் என்று கண்டார். அடுத்த வருடம் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். கொலு வீட்டில் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கா பஞ்சம்? வாஃபிளார் வேகவைத்த நீரைச் சிந்தாமல் வடித்து, சுண்டக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்தார். ஞாயிறு காலை பாட்டில் காலி.

"அந்தத் தண்ணியா? பூண்டு ரசம் வெச்சுட்டேன்டா. நல்ல கெட்டியா வந்துச்சு" என்றார் அம்மா.

வாஃபிளார் ஒன்றும் பேசவில்லை. மதியம் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாவை ஊற்றி மூடியதும் வீடு அடங்கிவிடும். இடுக்கில் ஆவி கிளம்பும். அது ஓயும்வரை மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலுமாகப் பிய்ந்து வரும். இந்த விதியை எல்லோருக்கும் சொல்லிவைத்திருப்பவரும் அவர்தான், இரண்டாவது நிமிடத்தில் லேசாகத் தூக்கிப் பார்ப்பவரும் அவர்தான். பிய்ந்ததைப் பிள்ளைகள் நின்றபடியே தின்றுவிடுவார்கள். முழுசாக வந்ததைத் தட்டில் வைத்தால் அடியில் வியர்த்து நமத்துப்போகும் என்பதால், காற்றோட்டத்துக்கு இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு, பாராட்டத்தான் வேண்டும்.

அந்த வாஃபிள் நன்றாகவே இருக்கும். சூடாக, முதல் மூன்று நிமிடத்துக்கு. அந்த மூன்று நிமிடத்தில் அதைச் சாப்பிட விட மாட்டார் என்பதுதான் சிக்கல். விருந்தாளி கையை நீட்டும்போது, 1869 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கிய வரலாறு தொடங்கும். மேப்பிள் பாகு பாட்டிலை எடுத்தால், நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு தேறும் என்பார். அதைக் கேட்டபின் தாராளமாக ஊற்றிக்கொள்ள யாருக்குக் கை வரும்? தேன் கேட்ட மச்சினனுக்குத் தேனீக்களின் உழைப்பு பற்றித் தனி வகுப்பு. வகுப்பு முடியும்போது வாஃபிள் தோளைத் தொங்கப் போட்டிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வாஃபிளார் கார் சர்வீஸுக்குக் காலையிலேயே போக வேண்டியதாயிற்று. நான் ஏதோ ரசீது கொடுக்கப் போனபோது சமையலறையில் மாமியாரும் மருமகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "எண்ணெயைத் தடவிட்டு ஊத்துங்க அத்தை." "மூடணுமாம்மா?" "மூடுங்க. ஆவி நிக்கிறவரைக்கும் தொறக்காதீங்க." ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. கட்டம் கட்டமாக, பொன்னிறத்தில், கிழியாமல் வந்தது. பக்கத்தில் தேங்காய்ச் சட்னி.

வாஃபிளார் வந்தார். நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். வரலாறு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு துண்டு. கண்ணை மூடி மென்றார்.

"என்னம்மா இவ்வளவு மொறுமொறுன்னு இருக்கு! முட்டைக்குப் பதிலா என்ன போட்டே?"

"தோசை மாவுலயா?" என்றார் அம்மா. "முட்டை எதுக்குடா போடுவாங்க?"