ஹட்டனிலிருந்து ஊருக்கு: மலைநாட்டு ஆட்ட மண்டபங்கள் பற்றி

வியாசர்பாடியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள உற்றார் உறவினர்க்கும், தெருமுனை மன்றத்தில் மாலைதோறும் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்கும் அண்ணன் தம்பிமார்க்கும், இலங்கையின் மத்திய மலைநாட்டு ஹட்டன் நகரிலிருந்து எழுதப்படுவது.

வடசென்னையிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால்தான் அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஊர் ஒப்புக்கொள்ளும் என்பதும், கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கக்கூடிய ஓர் ஊரில் குடியேறியவரை அது பக்கத்து மாவட்டத்துக்குப் போனவர் கணக்கிலேயே எழுதி வைக்கும் என்பதும் யாவரும் அறிந்தவை. கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையைக் காட்டினாலும் ஊரார் அடுத்துக் கேட்பது 'அங்கே அட்டை கடிக்குமாமே' என்பதாகத்தான் இருக்கும். அட்டை கடிக்கும், அதில் ஐயமில்லை. ஆயினும் ஹட்டன் வெளிநாடே என்பதற்கு அட்டையையோ, ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் நடுப்பகலிலும் விலகாத பனிமூட்டத்தையோ விட, அவ்வட்டாரத்தின் ஆட்ட மண்டபங்களே தக்க சான்றாகும். ஏனெனில் யார் எந்த ஆட்டத்தை எந்தக் கூரையின்கீழ் ஆடலாம் என்பது, மலைச்சரிவில் அவரது வீடு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தே அங்கு நெடுங்காலம் முடிவாகியிருந்தது.

தேயிலைத் தோட்டம் என்பது செடிகள் நிறைந்த காடு மட்டுமன்று. சரிவின் உச்சியில் துரை எனப்படும் தோட்ட நிர்வாகியின் பங்களாவும், நடுவில் கணக்கப்பிள்ளை, டீ மேக்கர் முதலிய உத்தியோகத்தரின் குவார்ட்டர்ஸும், அடியில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட ஒற்றையறை வீடுகளும், அமைந்த ஒரு படிக்கட்டு அது. உச்சிப்படிக்குரிய ஆட்டம் பில்லியர்ட்ஸ். நுவரெலியாவில் 1876ஆம் ஆண்டு தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்குக்காகத் தோன்றிய ஹில் கிளப்பில், ஏறத்தாழ பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்டு, பச்சைத் துணிக்கு அடியில் கற்பலகை பதித்து, ஒரு டன்னுக்கு மேல் எடை நிற்கும் அந்த மேசை இன்றும் பேணப்படுகிறது. அக்கழகம் தோன்றியபோது கொழும்பிலிருந்து வந்த தொடருந்து நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. ஹட்டனுக்கு அது வந்தது 1884இல், நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயாவுக்கு வந்தது 1885இல். ஆகவே அதற்கு முன் மலையேறிய எந்தப் பில்லியர்ட்ஸ் மேசையும் மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலுமே ஏறியிருக்க வேண்டும். அத்தோள்கள் யாருடையவை என்று ஊகிக்கத் தோட்டத் தொழிலாளரின் பூர்வீகமான திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து வாசகர்க்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படாது.

நீலகிரியை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் படை அதிகாரி வகுத்ததாகச் சொல்லப்படும் ஸ்னூக்கர், 1880களில் ஊட்டி கிளப்பில்தான் எழுத்து வடிவில் விதிகளைப் பெற்றது. குளிர்ந்த மலையும் நீண்ட மாலையும் வேலைக்காரர் மிகுதியும் ஒன்று சேர்ந்த இடத்திலெல்லாம் இத்தகைய மேசை ஒன்று முளைத்ததாகவே தோன்றுகிறது. ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நின்று புள்ளிகளைக் கணக்கிட்டுக் கோலுக்குச் சுண்ணம் தடவிக் கொடுக்கும் பணியாளர் மார்க்கர் எனப்பட்டார். துரைமார் ஓய்ந்த வேளையில் கோலை எடுத்துப் பழகிய மார்க்கர்கள் துரைமாரைவிட நன்றாக ஆடினர் என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1973இல் பம்பாயில் நடைபெற்ற அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் போட்டியில் பட்டம் வென்றவர் துரைமார் எவருமல்லர், இலங்கையின் எம். ஜே. எம். லாபிர். இன்று ஹில் கிளப்புக்குள் தற்காலிக உறுப்பினராக எவரும் நுழையலாமென்றாலும், மாலை ஏழு மணிக்குப்பின் ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்பது மரபாக இருந்து வருகிறது. அவை இல்லாதவர்க்கு அங்கேயே இரவல் தரப்படும். தன் உடம்புக்கு இரு மடங்கான இரவல் கோட்டுக்குள் நின்றுகொண்டு ஒருவர் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கலாமே தவிர, 'அட, கட் அடிடா!' என்று குரல் கொடுக்க இயலாது. அவ்வகையில் அது அருங்காட்சியகமாகச் சிறந்தும் ஆட்ட மண்டபமாகச் சோர்ந்தும் விளங்குகிறது.

நடுப்படியிலிருந்த உத்தியோகத்தர் கிளப்புகளில் சீட்டும் மேசைப்பந்தும் கேரமும் இருந்தன என்பதற்கு மேல் விரித்துரைக்க அதிகமில்லை.

ஊருக்கு எழுதத் தக்க கலகலப்பு அடிப்படியின் ஆட்டத்தில்தான் இருக்கிறது. மலைநாட்டார் கரம் என்று சொல்லும் கேரம், ஒருவர் தனியே தலையில் சுமந்து லயத்து வாசலுக்கோ நகரத்துக் கடைமாடிக்கோ கொண்டுபோகக்கூடிய, பக்கத்துக்கு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் ஆடுபரப்புடைய சதுரப் பலகை. ஞாயிற்றுக்கிழமைகளிலும், பௌர்ணமியை ஒட்டிய பொது விடுமுறையான போயா நாள்களிலும் ஹட்டன் நகரின் இத்தகைய மாடி ஒன்றில் ஏறுபவர் முதலில் காண்பது பலகையை அன்று, முதுகுகளை. ஆடுவோர் நால்வர் என்றால் ஆட்டத்தைத் திருத்துவோர் அதைப்போல் பன்மடங்கினர். அவர்கள் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக நெருக்கி நிற்பதால் மண்டபத்துக்குத் தனியே கணப்பு தேவைப்படுவதில்லை. பலகைக்கு நேர் மேலே தகரத் தொப்பியிட்ட ஒரு மின்குமிழ் தாழத் தொங்குகிறது. வியாசர்பாடியிலும் அது உண்டு. ஆனால் அங்கு அது வெளிச்சத்துக்கு மட்டும். ஹட்டனிலோ மழைக்காலத்து ஈரத்தால் போரிக் பவுடர் கட்டிபட்டு ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிடுமாகையால், அடிப்பகுதியில் துளையிட்ட பவுடர் டப்பா ஆட்டங்களுக்கிடையே அந்தக் குமிழின் அருகே பிடிக்கப்பட்டு, சூடேறியபின் பலகையில் தட்டப்பட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்கப்படுகிறது. தேய்ப்பவர் பெரும்பாலும் ஆடத் தெரியாத ஒரு பெரியவர். தேய்த்துக் கொடுத்த உரிமையில் எல்லா ஆட்டத்துக்கும் தீர்ப்புச் சொல்பவரும் அவரே.

விதிகளில் பெரிய வேறுபாடில்லை. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் சிவப்பு ஒன்று; சிவப்பை எடுத்தவர் உடனே தன் காய் ஒன்றையும் குழியில் போட்டு அதை உறுதிசெய்ய வேண்டும், இதையே சென்னையார் ஃபாலோ என்பர். வேறுபாடு கேலியில் இருக்கிறது. கொழுந்து பறிப்பவர் அன்றைக்குரிய எடையைச் சேர்க்காவிடில் அவர் கணக்கில் பாதிநாள் கூலி மட்டும் பதியப்படுவதைத் தோட்டத்தார் அரைப்பேர் என்பர்; சிவப்பை எடுத்துவிட்டு ஃபாலோ தவறவிட்டவரைப் பார்த்து மண்டபம் முழுவதும் 'அரைப்பேர்! அரைப்பேர்!' என்று கூவுவதைக் கேட்கும் புதியவர், அதை ஏதோ பாராட்டு என்று எண்ணிக் கைகூப்ப நேரலாம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அப்பலகையைச் சுற்றி ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே அழைப்பதால், திட்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் கண்டறிவதும் எளிதன்று.

சென்னையிலிருந்து வந்தவர் என்று தெரிந்தவுடன் பவுடர் தேய்க்கும் பெரியவர் விசாரணையைத் தொடங்குவார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று வகுத்ததன் விளைவாகக் குடும்பங்கள் பிரிந்து, ஒரு பகுதியினர் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். ஆதலால் 'கூடலூருக்குப் போன எங்கள் சித்தப்பாவைத் தெரியுமா, தம்பி?' என்ற கேள்வி தவறாமல் வரும். சென்னைக்கும் கூடலூருக்கும் உள்ள தொலைவு ஹட்டனுக்கும் கொழும்புக்கும் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் என்று விளக்கினால், 'அதனாலென்ன, ஒரே நாடுதானே?' என்று அவர் முடித்துவிடுவார். அதற்கு மறுமொழி எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த கட்டடத்தில் குதிரைப் பந்தயம் கட்டும் புக்கிக் கடை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் பிற்பகலில் ஓடும் குதிரைகளின்மீது இலங்கையின் மாலை வேளையில், அரசுக்கு வரி செலுத்திய கடையிலேயே பணம் கட்டலாம். கேரம் மண்டபத்தில் தோற்பவர் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் போதும்; புக்கியில் தோற்பவர் தேத்தண்ணியும் கடனாகவே குடிப்பார். பந்தயத்தைவிடக் கேரத்துக்குத் தோட்டத்துப் பெண்களிடம் நல்ல பெயர் இருப்பதன் காரணம் இதுவே.

அப்பெண்கள் மண்டபத்தில் இல்லை என்பதே அதன் பெருங்குறை. வாரம் முழுவதும் கூடையுடன் மலையேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, விறகு சேர்த்து, சந்தைக்குப் போய்த் திரும்பும்போது ஆண்கள் இரண்டாவது செட்டில் இருப்பார்கள். மண்டபத்தில் எழும் பெருமைப் பேச்சும் பெரும்பாலும் ஆண்களைப் பற்றியதே. பன்னாட்டு கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில் தொடங்கப்பட்டது என்பதையும், சென்னையின் மரிய இருதயம் 1995இல் கொழும்புக்கு வந்தே உலகப் பட்டம் வென்றார் என்பதையும் குடியேறியவர் பெருமையோடு எடுத்துரைத்தால், அதே கொழும்பில் 2012இல் தங்கள் நிஷாந்த பெர்னாண்டோ அக்கணக்கைத் தீர்த்துவிட்டதாக மண்டபத்தார் உடனே திருப்பிக் கொடுக்கின்றனர். ஆனால் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றதைச் சொன்னபோது மட்டும் எதிர்வாதம் எழவில்லை; 'ஆட்டோ ஓட்டுபவரின் மகளா?' என்று கேட்ட பெரியவர் பவுடர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆகவே ஊரிலிருந்து யாரேனும் இப்பக்கம் வருவதாயின், காசிமா ஆடும் காணொளிகளைக் கைப்பேசியில் சேமித்து எடுத்து வருக. மண்டபத்தில் காட்டுவதைவிட லயங்களில் காட்டுவது பயன் தரும். நல்ல ஸ்ட்ரைக்கர் இரண்டும் கொண்டுவரலாம். போரிக் பவுடரை மட்டும் எவரும் அன்பு மிகுதியால் பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டாம்: அந்த வெள்ளைத் தூள் கேரம் ஆடுவதற்குத்தான் என்று விமான நிலையச் சுங்க அதிகாரிக்கு விளக்குவதற்குள் அடுத்த போயா நாள் வந்துவிடும்.