சீட்டை விட்டு எறங்கு, சாமி

வா சாமி, உக்காரு. கையில ஃபைலு, முதுகுல ரேஸ் டீம் பேரு அடிச்ச டீ-சர்ட்டு. அப்பிச்சியப் பாக்க வந்த மாதிரி தெரியலியே, பேங்கு மேனேஜரைப் பாக்க வந்த மாதிரியல்ல இருக்குது. டீ-சர்ட்டு எத்தனை அடிச்சே? இருபதா? டீம்ல நீ, உன்ற கூட்டாளி, ஒரு மெக்கானிக்குப் பையன். மூணே பேரு. மிச்சம் பதினேழை யாரு போட்டுக்கறது? செரி, செஞ்சது நல்லதுதான். பிரேக் பேடு தேஞ்சிருக்கறது கேலரியில உக்காந்திருக்கறவனுக்குத் தெரியவா போகுது? டீ-சர்ட்டு தெரியும்.

பழைய எஸ்டீம் காரு ஒண்ணை சல்லிசாப் புடிச்சுட்டேன்னு உங்கம்மா பெருமையாச் சொன்னா. அவளுக்கு என்ன தெரியும், பாவம். வண்டி விலைதான் இருக்கறதுலயே சின்னச் செலவு. அப்பறம் ரோல் கேஜு, பக்கெட் சீட்டு, ஆறு முனை பெல்ட்டு, ஹெல்மெட்டு. உசுரைக் காக்கற இந்தச் சாமான்ல மட்டும் பேரம் பேசாதே. தேதி முடிஞ்ச பெல்ட்டை எவனோ பாதி விலைக்குத் தர்றான்னு வாங்கி மாட்டுனீன்னா, ஸ்க்ரூட்டினியில லேபிளைப் பாத்ததுமே கழட்டச் சொல்லிருவாங்க. ஐந்நூறு கிலோமீட்டர் லாரி வாடகை குடுத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டு போன வண்டிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பி வரலாம். டீ-சர்ட்டுக்கும் அன்னைக்கு ஒரு சோலி கெடைச்ச மாதிரி இருக்கும்.

காசு எங்க போகுதுன்னு கேக்கறியா? டயர்ல போகும், பெட்ரோல்ல போகும், என்ட்ரி ஃபீஸ்ல போகும், லாரியில போகும். பிராக்டீஸுக்கு தேஞ்ச டயரைப் போட்டுக்கோ, நல்ல செட்டை குவாலிஃபையிங்குக்கும் ரேஸுக்கும் வெச்சுக்கோ. பசங்க சோத்துல மட்டும் மிச்சம் புடிக்காதே. பசியோட இருக்கறவன் வீல் நட்டைப் பாதி முறுக்கிட்டு டீக்கடைக்குப் போயிருவான். முறுக்குன நட்டு மேல பெயின்ட் பேனாவுல ஒரு கோடு இழுக்கச் சொல்லு. கோடு நேரா இருந்தா சரி, வெலகியிருந்தா திரும்ப டார்க் ரெஞ்சை எடுக்கணும்.

பிரேக் ஆயிலைப் பத்தி யாரும் உன்ற கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. அதுல ஸ்டிக்கர் ஒட்ட எடமில்லையல்ல. டாட் 4 ஆயிலு புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கணும்ங்கறது கணக்கு. ஈரத்தைக் குடிச்சுட்டா அந்தக் கணக்கு 155க்கு எறங்கிரும். கொதிச்சா உள்ள ஆவி கட்டும், நேர்ரோட்டுக் கடைசியில மிதிச்சா பெடலு தரையோட போயிரும். அதனால ரேஸ் அன்னைக்குக் காலையில, வெயில் ஏர்றதுக்குள்ள, வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கு. பிரேக் நிப்பிள்ல உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப்பை மாட்டி, மறுமுனையை ஒரு தண்ணி பாட்டில்ல விடு. ஒருத்தன் பெடலை மிதிச்சுப் புடிச்சுக்கணும், இன்னொருத்தன் ஸ்பேனர்ல நிப்பிளைத் தளத்தணும், பெடலை விடறதுக்குள்ள இறுக்கணும். டியூப்புக்குள்ள மொதல்ல கறுத்த ஆயிலு வரும், அதோட பொடிப்பொடியாக் குமிழி வரும். குமிழி நின்னு தெளிஞ்ச ஆயிலு வர்ற வரைக்கும் ஒருத்தனும் எந்திரிக்கப்படாது. நாலு சக்கரத்துக்கும் இப்படியே. ரெண்டு டீ-சர்ட்டுக் காசுல முடிஞ்சு போற சோலி.

நம்மூரு கரிவரதன் மில்லுக் குடும்பத்துக்காரரு. அவருக்கு இல்லாத காசா? ஆனாலும் ஃபார்முலா மாருதின்னு ஒத்தைச் சீட்டு ரேஸ் வண்டி செஞ்சப்ப உள்ள வெச்சது மாருதி 800 இன்ஜின்தான். மூணு சிலிண்டரு, 796 சிசி. ஒடைஞ்சா எந்த ஊர்க் கடையிலயும் சாமான் கெடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வெப்பான். நரேன் கார்த்திகேயன் ஓட்டுன மொத ரேஸும் அந்த வண்டியிலதான். 2005ல ஃபார்முலா ஒன்னுக்கே போனாரு. செட்டிபாளையத்து டிராக்குக்குச் சும்மாவா கரிவரதன் பேரை வெச்சாங்க? நீ என்னடான்னா எஸ்டீமுக்கு ஜப்பான்ல இருந்து சாமான் வருதுங்கறே.

இனி மெயின் சங்கதிக்கு வர்றேன். உன்ற வண்டியில வீண் செலவு வெக்கற சாமான் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. கோவிச்சுக்காதே, அது நீதான்.

சோழவரத்துல பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்துல இருந்து பாத்துட்டு வர்றேன். சொந்தக் காசுல ஓட்டறவன் ரெண்டே வகைதான். ஒருத்தன் பம்பர் விலையை நெனச்சுக்கிட்டே பிரேக்கை முன்னாடியே மிதிப்பான், கடைசியா வருவான். இன்னொருத்தன் காசை மறந்துட்டு மொத வளைவுலயே அடுத்தவன் கதவுக்குள்ள பூந்துருவான். ரெண்டுலயும் அழறது டீம் முதலாளி. ரேக்ளாவுல காளைக்காரன் எங்க நிப்பான்? வரப்போரம் துண்டை ஆட்டிக்கிட்டு நிப்பான். வண்டி மேல நிக்கறவன் வேற ஆளு.

இங்கிலீஷ்காரன் ஃபிராங்க் வில்லியம்ஸும் உன்னையாட்டமே சொந்தமா ஓட்டிப் பாத்தவருதான். பெருசா ஒண்ணும் வரலை. எறங்கி, 1966ல டீம் வெச்சாரு. அப்பறமும் காசில்லாம, ஆபீஸ் போனை அறுத்துட்டுப் போனப்ப தெருவோரப் பொதுப் போன் கூண்டுல நின்னு வேவாரம் பேசியிருக்கறாரு. 1980ல உலக சாம்பியன் டீம். அதே ஊர்ல ஹெஸ்கெத்னு ஒரு பிரபு. ஸ்பான்சர் ஸ்டிக்கரே வேண்டாமுன்னு சொந்தக் காசுல ஃபார்முலா ஒன்னு டீம் நடத்துனாரு. அவரோட டிரைவரு ஜேம்ஸ் ஹன்ட் 1975 டச்சு ரேஸை ஜெயிச்சே குடுத்தாரு. அந்த வருசக் கடைசிக்குள்ள பிரபுவோட பணம் காலி. பிரபுக்கே அந்தக் கதின்னா, அஞ்சு ஏக்கரா தென்னந்தோப்புக்காரன் பேரன் நீ.

அதனால அந்த சீட்டை வாடகைக்கு விடு. காரும் கவலையும் இல்லாம ஓட்ட மட்டும் ஆசைப்படற பையனுக ஊர்ல நெறைய இருக்கறாங்க, அவிங்கப்பன்மாருகிட்டக் காசும் இருக்குது. இடிச்சா யாரு கட்டறதுன்னு பையன் ஹெல்மெட் போடறதுக்கு முன்னாலயே எழுதிக் கையெழுத்து வாங்கிரு. இடிச்சதுக்கப்பறம் எல்லா அப்பனும் ஒறம்பரை ஆயிருவான். வாடகை வந்த வருசத்துல நீயும் ஒரு ரேஸ் ஓட்டிக்கோ, வேண்டாங்கலை.

செரி, ஃபைலை மூடு. பீரோ சாவி என்ற கிட்ட இல்லை, உங்க அமுச்சி இடுப்புல இருக்குது. அவகிட்டப் போயி ரேஸுன்னு வாயைத் திறக்காதே, மெக்கானிக் ஷெட்டுன்னு சொல்லு. அதுக்கு முன்னால அந்த டீ-சர்ட்டைக் கழட்டிட்டு வேற சட்டை போட்டுக்கோ.