வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு வள்ளம்

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று பெரியவர்கள் சொன்னது எங்கள் ஒரகடம் சாலையைப் பார்த்துத்தான் என்பது என் கட்சி. முதல் பாதி தினமும் கண்ணெதிரே நடக்கிறது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகின்றன. அங்கே கார்கள் கப்பல் ஏறுகின்றன. மீதிப் பாதியை நிறைவேற்றிவைக்கும் பொறுப்பு, 2024 கோடையில், வடக்குப்பட்டில் குடியிருக்கும் என் தலையில் விழுந்தது. கடலைப் பார்க்க முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஊரில் நான் ஒரு மோட்டார் படகு வாங்கினேன். அதுவும் பழையது. அதுவும் பார்க்காமல்.

காரணம் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டு நாள் பாலுக்கு வழியில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன், அடுத்த மழைக்கு ஆயத்தமாக இருப்பது என்று.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரியாததாலதானே படகு."

எங்கள் வட்டாரத்தில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். கார், லாரி, பைக், செல்போன், கண்ணாடி. வல்லம் வடகால் சிப்காட்டில் விமானத் தொழிலுக்கென்றே தனிப் பூங்கா இருக்கிறது. வல்லத்தில் கிடைக்காத ஒரே பொருள் வள்ளம். ஆகவே, நாகப்பட்டினத்துக்கும் தெற்கே ஒரு மீனவ ஊரில் போனிலேயே ஆளைப் பிடித்தேன். ஃபைபர் படகு, வெளியே மாட்டும் எஞ்சினோடு 85,000 ரூபாய்.

"பட்டு மாதிரிப் போகும்ணே. ஒரு சொட்டுத் தண்ணி கசியாது. நீங்க நம்ம அண்ணன் மாதிரி, அதான் இந்த வெல."

ஐந்து படங்கள் அனுப்பினார். ஐந்தும் முன்பக்கம். அணியம் அழகாக, பச்சை பெயின்ட் மினுங்க, மணலில் நிமிர்ந்து நின்றது. எஞ்சின் ஓடும் வீடியோவும் வந்தது. அதில் சத்தம் இருந்தது, எஞ்சின் இல்லை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வேலை ஒரு உதிரிப் பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. பத்து மைக்ரான் கூடினால் ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன் நான். அந்த நான், ஐந்து போட்டோவுக்கு முழுப் பணத்தையும் ஜிபே செய்தேன்.

தூரத்து வியாபாரியிடம் சரக்கு வாங்குவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் தோண்டியபோது ரோமானிய ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்த ஜாடிகள் வரும்போதே உடைந்து வந்தனவா, வாங்கியவர் யாரிடம் போய் முறையிட்டார் என்பதைத் தொல்லியல் துறை இன்னும் சொல்லவில்லை.

படகு ஓர் ஐச்சர் லாரியில் இரவு இரண்டு மணிக்கு வந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில், எண்ணூர் போகும் கார் டிரெய்லருக்குப் பக்கத்தில், சிக்னலில் நின்றது. இந்தப் பக்கம் ஓடம் ஏறப் போகும் வண்டிகள், அந்தப் பக்கம் வண்டி ஏறிய ஓடம். டிரெய்லர் டிரைவர் எட்டிப் பார்த்து, "வழி தப்பிட்டியாண்ணே? கடல் அந்தப் பக்கம்" என்று கிழக்கே கையைக் காட்டினார்.

இறக்குவதற்கு இரவு ஷிஃப்ட் முடித்த ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் கை கொடுத்தார்கள். அதில் ஒருவன் கடற்கரை ஊர்க்காரன். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே போனான். டக், டக், டக். நல்ல கெட்டிச் சத்தம். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும், டொப். இன்னொரு முறை தட்டினான். டொப். ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட்டில் தண்ணீர் இறங்கி மக்கினால் அப்படித்தான் கேட்குமாம். என்னை இரக்கத்தோடு பார்த்து, "அண்ணா, பின்னாடி மரம் கதம்" என்றான். என் இருபது வருட தரப் பரிசோதனை அனுபவம் ஒரு ரூபாய்க் காசிடம் தோற்றது.

எஞ்சினை மாட்டினால் பின்பலகையோடு கழன்று விழும். சரி, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் விட்டாவது ஓட்டிப் பார்ப்போம் என்றால், அது பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ரகம். ஊரே மின்சாரக் கார் பற்றிப் பேசும்போது நான் கேனும் கையுமாக மண்ணெண்ணெய் தேடி அலைந்தேன். ரேஷன் கடைக்காரர், "அதெல்லாம் தோண்டிப் பார்த்தாத்தான் உண்டு சார்" என்றார்.

இதற்கிடையில் மைத்துனர் சட்டம் எடுத்துக்கொடுத்தார். ஏரியில் நினைத்தபடி படகு விட முடியாது. உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இன்படி மோட்டார் பொருத்திய கலம் என்றால் பதிவு வேண்டும். "மாப்ள, முதல்ல அது மோட்டார் படகுன்னு நிரூபிக்கணும்" என்றார். அந்த வகையில் நான் சட்டத்துக்கு உட்பட்டே இருந்தேன்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. இரவெல்லாம் பெருமழை. காலையில் ஆர்வத்தோடு கதவைத் திறந்தேன். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். படகுக்குள் முழங்கால் அளவு. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நான்கு தவளைகள் மட்டும் பட்டு மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. வாசல்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்பார்கள். கவிழ்ந்திருந்தால் தண்ணீராவது கொட்டியிருக்கும்.

இப்போது அதில் மண் நிரப்பிக் கீரை போட்டிருக்கிறாள் மனைவி. நல்ல விளைச்சல். கிலோ என்ன விலை விழுகிறது என்று மட்டும் நான் கணக்குப் போடுவதில்லை.

பழைய படகு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறினால் காலையில் நாகப்பட்டினம். ஓடம் வண்டியில் ஏறுவதற்கு முன் நீங்கள் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். பையில் மறக்காமல் ஒரு ரூபாய்க் காசு இருக்கட்டும். பின்பலகையிலிருந்து தட்டத் தொடங்குங்கள்.