ரெட்டும் அவரே, ஃபாலோவும் அவரே

மும்பையில் தனியாக இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. காலை லோக்கலில் நம் காலில் யாரோ நிற்கிறார், நாம் யார் காலிலோ நிற்கிறோம். தாராவியில் பத்துக்குப் பத்து ஒற்றையறைக் கோலியில் ஏழு பேர் படுக்கிறார்கள். மாட்டுங்காவில் காபி குடிக்கப் போனால்கூட முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே மேஜையில் முழங்கை இடித்துக்கொண்டுதான் டபராவை ஆற்ற வேண்டும். இந்த ஊரில் எப்படியோ தனிமையைத் தேடிப் பிடித்து, பிடித்த கையோடு அதற்குள் இரண்டு பேரைக் குடிவைத்தவர் ஒருவர் உண்டு. ஒற்றைக் கேரம்காரர்.

அவரைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம், காது போதும். செம்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சொசைட்டிக் கட்டடத்தின் மாடிப்படியில் மத்தியானம் மூன்று மணிக்கு நின்று பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு “ச்சே, போச்சு!” என்று ஒரு குரல். நாற்காலி இழுபடும். கொஞ்ச நேரத்தில் அதே குரல், பரம சந்தோஷமாக: “மாட்னியா!”

பொதுவாக இவர் ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது தாராவி, பிள்ளை தலையெடுத்ததும் செம்பூருக்கு வந்தவர். இளவயதில் தெருமுனை நாக்காவில், தலைக்கு மேல் தாழத் தொங்கிய பல்பு வெளிச்சத்தில், தோற்றவன் வடா பாவ் வாங்கித் தர வேண்டும் என்ற பந்தயத்தில் ஆடிப் பழகிய கை. அந்தக் கூட்டாளிகள் இப்போது எங்கே? ஒருவர் டோம்பிவிலிக்குப் போனார். ஒருவர் நாங்குநேரிக்கே திரும்பிவிட்டார். மூன்றாமவர் இதே செம்பூரில்தான் இருக்கிறார். 1991இல் ரெட்டைப் பற்றி வந்த தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் மொபைலில் கேரம் ஆடுகிறானாம், முகம் தெரியாத யாரோடோ. “பவுடர் போடாத ஆட்டம் ஒரு ஆட்டமா?” என்பது அப்பாவின் தீர்ப்பு.

கேரம் போர்டு சின்னச் சாமான் இல்லை. ஆடும் பரப்பே ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். சட்டத்தையும் சேர்த்தால் மூன்றடியைத் தொடும். மும்பையில் சதுர அடி என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள், ஏறக்குறைய ஒன்பது சதுர அடியை ஒரு பலகைக்குத் தாரை வார்த்திருக்கும் இவரை ஊதாரி என்றே சொல்வார்கள். அதனால் போர்டு பகல் முழுக்க பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மனைவி கண் அயரும் நேரத்தில் வெளியே வந்து, கவிழ்த்த தண்ணீர் டிரம்மின் மேல் ஏறிக்கொள்ளும்.

சரி, எதிரணிக்கு யார் ஆடுவது? இதில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. ஒரு கட்சி, முறை மாறும்போது போர்டைத் திருப்பிக்கொள்ளும். இன்னொரு கட்சி, தானே எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்காரும். நம்மவர் இரண்டாவது கட்சி. போர்டைத் திருப்பினால் காய் மயிரிழை நகர்ந்துவிடும், அப்புறம் அது சூதாட்டம் என்பார். சர்வதேச விதிப்படி ஓர் அடிக்கு 15 விநாடிதான் அவகாசம். அடிக்கும்போது நாற்காலியை விட்டு எழவும் கூடாது. இவரோ முறைக்கு முறை எழுந்து, கட்டிலைச் சுற்றி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, வயிற்றை எக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர வேண்டும். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்ன கணக்கு இதிலேயே தீர்ந்துவிடுவதாகச் சொல்கிறார்.

உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டுவார். ஆள் மாறியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். கையும் மாறும். இந்தப் பக்கம் ஆட்காட்டி விரல். அந்தப் பக்கம் நடுவிரலை மடக்கி, நகத்தைக் கட்டைவிரலில் பூட்டி, கண்ணை இடுக்கி, ‘டக்’.

இங்கிலாந்தில் இந்த ஜாதிக்காரர்கள் மேஜைக் கால்பந்து ஆடியிருக்கிறார்கள். 1947 வாக்கில் பீட்டர் அடால்ஃப் என்பவர் சுபுட்டியோ என்ற ஆட்டத்தை விற்பனைக்கு விட்டார். அடிப்பாகம் குண்டான குட்டி ஆட்டக்காரர்களை நகத்தால் சுண்டிவிட்டால் போய்ப் பந்தை உதைப்பார்கள். ஆரம்ப காலத்தில் பெட்டியில் மைதானம் வராது. ஒரு சாக்பீஸ் வரும், பழைய ராணுவக் கம்பளியில் நாமே கோடு போட்டுக்கொள்ள வேண்டியது. அங்கேயும் மழைக்காலச் சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து ஒரு லீக் முழுவதையும் இரண்டு பக்கமும் ஆடி, நோட்டுப் போட்டுப் புள்ளி எழுதியவர்கள் உண்டு. அவர்கள் 22 பேரை மேய்க்க வேண்டியிருந்தது. நம்மவருக்கு 19 காய் போதும்.

இவருடைய அணிகளுக்குப் பெயர் உண்டு. பம்பாய், மெட்ராஸ். (மும்பை, சென்னை என்று மாற்றியது அரசாங்கம், இவர் வீட்டில் இன்னும் கெஜட் வரவில்லை.) ஜன்னல் பக்கம் பம்பாய், சமையலறைப் பக்கம் மெட்ராஸ். விவகாரம் இங்கேதான் ஆரம்பம். ரேஷன் கார்டும் ஓட்டும் பென்ஷனும் பம்பாய். குலதெய்வமும் குழம்பும் மெட்ராஸ். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவனைப் பார்த்து ரத்தம் கொதிக்கிறது.

1973 ரஞ்சி கிரிக்கெட் இறுதிப் போட்டியை இவர் மறக்கவில்லை. சேப்பாக்கத்தில் பம்பாய்க்கு எதிராகத் தமிழ்நாடு 80, பிறகு 61. பத்மாகர் சிவால்கர் என்ற பம்பாய்க்காரர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கடை கட்டியாயிற்று. அன்று தாராவியில் தான் சாப்பிடவில்லை என்கிறார். அதே மூச்சில், “நம்ம சிவால்கர் மாதிரி ஒரு ஸ்பின்னர் இனி பிறந்துதான் வரணும்” என்று பெருமூச்சும் விடுகிறார். நம்ம! 2024 மார்ச்சில் தாராவியை ஒட்டிய பி.கே.சி. மைதானத்தில் ரஞ்சி அரையிறுதி நடந்து, மும்பையிடம் தமிழ்நாடு ஓர் இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றதா, அன்று சாயங்காலமே போர்டை எடுத்து வைத்து மெட்ராஸை ஜெயிக்கவைத்தார். 25-க்கு 4.

அந்த நாலு புள்ளியைத்தான் கவனிக்க வேண்டும். எதிராளிக்குப் பூஜ்யம் கொடுக்க மனசு வராது. தனியாக ஆடுகிறவன் தன்னை ஏமாற்ற மாட்டான் என்று நாம் நினைக்கிறோம். ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் வசதி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன், அது சட்டம். மெட்ராஸ் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் மட்டும் “பவுடர் ஜாஸ்தி, ரீ-ஷாட்” என்று அம்பயர் அறிவிக்கிறார். அம்பயர் யார் என்று கேட்காதீர்கள். பம்பாய் உடனே ஆட்சேபிக்கிறது. வாக்குவாதம் முற்றி, ஒரு நாள் பம்பாய் கோபித்துக்கொண்டு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு பால் வாங்கப் போய்விட்டது.

ரெட் விழுந்தால் மரியாதை தனி. கூடவே தன் காய் ஒன்றையும் போட்டால்தான் அது செல்லும். மெட்ராஸ் “ஃபாலோ” என்று கேட்கும், பம்பாய் “கவர்” என்று கேட்கும். எதிரில் இருப்பவனின் மனசைக் கலைக்க இரண்டு பேருமே இருமுவார்கள். மெட்ராஸ் தோற்கும் நிலையில் இருந்தால் சரித்திரம் வெளியே வரும்: “உலக கேரம் சம்மேளனத்தையே 1988-ல எங்க ஊர்லதான்டா ஆரம்பிச்சாங்க. மரிய இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன். 2024-ல காஜிமா அமெரிக்கா போய் மூணு தங்கம்!” ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்ததும் கண்ணாடி துடைபடும். “அரே, பிரசாந்த் மோரேயைத் தெரியுமா உனக்கு? அவரும் உலக சாம்பியன்தான், நம்ம பம்பாய்!”

இவருடைய வாழ்க்கையின் பெரிய துக்கம் ஒரு ஒயிட் ஸ்லாம். ஆட்டத்தைத் திறந்த முதல் கையிலேயே ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் விடாமல் போட்டுவிட்டாராம். பெரிய போட்டிகளிலேயே கூட்டம் எழுந்து கைதட்டும் விஷயம் அது. இவர் எழுந்து கைதட்டினார், எதிர் நாற்காலிக்குப் போய்க் கைகுலுக்கவும் பார்த்தார். எல்.ஐ.சி. டைரியில் தேதி போட்டுச் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருக்கிறார். காட்டினால் யாரும் நம்புவதில்லை. “சாட்சி யாரு?” என்று மனைவி கேட்டார். “ரெண்டு டீமும் பாத்தாங்களே” என்றார்.

அந்த அம்மாள் இந்த ஆட்டத்தைச் சகித்துக்கொள்வதற்கு ஒரே காரணம் போரிக் பவுடர். தரை முழுக்க வெள்ளையாகிறது, உண்மைதான். ஆனால் அதைத் தின்ற கரப்பான் பூச்சி பிழைப்பதில்லை. பவுடர் தீர்ந்துபோன ஒரு நாள் இவர் குட்டிக்கூரா முகப் பவுடரை எடுத்துத் தூவியபோதுதான் வீட்டில் ஏழரை வந்தது. காயும் ஓடவில்லை, கரப்பானும் சாகவில்லை.

போன மாதம் கீழ்மாடிப் பையன் ஒருவன், சத்தம் கேட்டு, கதவருகே வந்து நின்றான். “அங்கிள், அகேலே கேல் ரஹே ஹோ? மே ஆவூ?” (தனியாவா ஆடுறீங்க? நான் வரட்டுமா?) கூட்டாளி இல்லை, கூட்டாளி இல்லை என்று பத்து வருஷமாகப் புலம்புகிற மனுஷர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பையனை ஏற இறங்கப் பார்த்தார். எதிர் நாற்காலியைப் பார்த்தார். “செமிஃபைனல் போயிட்டிருக்கு பேட்டா. சீட்டு ரெண்டும் ஃபுல்” என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “என்னங்க, குக்கர் விசில் அடிக்குதில்ல? கை மாவா இருக்கு, வந்து கேஸை அணைங்க!”

“இப்ப மெட்ராஸ் முறை, எழுந்திரிக்கக் கூடாது. இரு, பம்பாயை அனுப்புறேன்” என்று சொல்லிக்கொண்டே வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.